பூங்கா வரும் என்று வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் 2 கிரவுண்டில் எங்களுக்கு ஓட்டு வீடும் கிணறும் இருக்கின்றன. பக்கத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா வரப்போகிறதாம். அதையொட்டி எங்கள் தெருவின் ஆறு வீடுகளையும் இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் கேட்கிறார். பாதிக்குப் பாதி என்கிறார். பவர் பத்திரத்தில் கையெழுத்திடச் சொல்லி மகன் அவசரப்படுத்துகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.
- வாசகி, ஈஞ்சம்பாக்கம்

பதில்: கையெழுத்திடாதீர்கள், அம்மா.

என் தாயார் 2009-ல் ஆதம்பாக்கம் வீட்டை இப்படித்தான் ஒரு பில்டரிடம் கொடுத்தார். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் வருகிறது, பதினெட்டு மாதத்தில் ஃபிளாட் என்றார்கள். வீட்டை இடித்தார்கள். ரயில் பாதையோ நிலம் எடுப்பதில் சிக்கிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ரயில் ஓடவில்லை. 'ரயில் வரட்டும், விலை ஏறும், பிறகு கட்டுகிறேன்' என்று பில்டர் நாளைக் கடத்தினார். அம்மா மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் ஆறு ஆண்டுகள் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பூங்கா வரும் என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். திருப்போரூர் அருகே வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா 2025 டிசம்பரில்தான் திறந்தது. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத்தில் பூங்கா நடத்திய அனுபவம், கையில் நிலம், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு எல்லாம் இருந்தும், உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சிக்கலால் பல ஆண்டுகள் வேலை நகரவில்லை. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறது? பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் அந்த பில்டர் காட்டட்டும். ஆறு மனைகளைச் சேர்த்துக் கட்டினால் 500 சதுர மீட்டரைத் தாண்டும். எட்டு வீடுகளுக்கு மேலும் வரும். அதற்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பில்டர் வண்ணப் பிரசுரம் ஏதாவது கொடுத்திருந்தால், அதில் அந்த எண் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். திருவான்மியூருக்குத் தெற்கே உள்ள கடலோர மணல் மழை நீரைக் குடித்துத் தேக்கி வைக்கும். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் அதை நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் பகுதி என்று பிரித்துக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. பில்டர் காட்டும் படத்தில் இருக்கும் மாடிகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்த மணலில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே வரும். நீர்ச் சறுக்கும் அலைக்குளமும் உள்ள பூங்காவுக்கு எங்கிருந்து தண்ணீர் என்று யாராவது கேட்டார்களா?

என்றாவது கொடுப்பதாக இருந்தால், கட்டட அனுமதி கைக்கு வரும் வரை வீட்டை இடிக்க விடாதீர்கள். கட்டி முடிக்கும் வரை நீங்கள் வெளியே தங்க பில்டர் தரும் மாத வாடகை, முடிக்கும் தேதி, தவறினால் இழப்பீடு எல்லாம் பதிவு செய்த கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பவர் பத்திரத்தில் உங்கள் பங்கை விற்கும் உரிமை வேண்டவே வேண்டாம்.

இந்த வாரமே கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த அறிக்கையை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை பூங்கா வந்து பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால், உங்கள் நீர் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.