லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ள தங்கைக்குக் காய்ச்சல். நோய் மறுபடி கிளம்பியதா, கிருமித் தொற்றா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. பதினோரு வருடமாக லூபஸோடு கடலூரில் இருப்பவள் நான். முடியும் என்று நினைத்து ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கொல்லையில் சுற்றிவிட்டு வந்தேன் (எங்கள் ஊரில் வயலைக் கொல்லை என்போம்). பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, அடித்துப் போட்ட மாதிரி அசதி. லூபஸ் கிளம்பும்போதும் எனக்கு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதனால் யாரையும் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரையை நானே கூட்டிப் போட்டேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வைக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்றாம் நாள் பல் கிட்டுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம்.

புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடினோம். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காததால் நான் கவனிக்கவே இல்லை. ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் வயலிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது.

ரத்தப் பரிசோதனையும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவுகள். லூபஸ் மட்டும் கிளம்பினால் இ.எஸ்.ஆர். ஏறும், சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. சி.ஆர்.பி. லிட்டருக்கு 50, 60 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் தொற்றைத்தான் தேடுவார்கள். ஆனால் நுரையீரல் உறையில் நீர் கோத்தால் லூபஸிலேயே அது எகிறும். சி3, சி4 என்ற எதிர்ப்புப் புரதங்கள் குறைந்து, டி.எஸ்.டி.என்.ஏ. (சொந்த டி.என்.ஏ.வையே தாக்கும் எதிர்ப்பொருள்) கூடினால் லூபஸ் பக்கம் சாயும். வெள்ளணு ஏறினால் தொற்று என்று நினைக்கத் தோன்றும். ஸ்டீராய்டே அதை ஏற்றிவிடும். தட்டணுவும் (பிளேட்லெட்) வெள்ளணுவும் சேர்ந்து இறங்கினால் லூபஸாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். போதாததற்கு, தொற்றே லூபஸைக் கிளப்பிவிட்டு இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு.

காய்ச்சலோடு குளிர் நடுக்கம், மூச்சு வாங்கல், குழப்பமான பேச்சு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டைத் தங்கை தானாகக் கூட்டவும் வேண்டாம், பயந்துபோய் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். பல நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் லூபஸ் இருப்பதையும் மாத்திரை அளவையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தங்கை நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். சிலருக்கு எப்போதுமே சி3 குறைவாகத்தான் இருக்கும். பழையது இல்லாமல் புதியதைப் பார்த்து டாக்டர் என்ன முடிவுக்கு வருவார்? என்னுடையதைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன், அத்தையின் போனிலும் ஒரு பிரதி இருக்கிறது.