ஒரே ஈற்று முயல்கள்: ஒன்றுக்கு மரு உதிர்ந்தது, மற்றதுக்கு ஏன் உதிரவில்லை?

கேள்வி: கான்சாஸில் வசிக்கிறோம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு வளர்ப்பு முயல்கள் பின்கட்டுக் கூண்டில் இருக்கின்றன. கோடையில் இரண்டுக்கும் காதோரம் மரு வந்தது. பெண் முயலுக்கு ஒன்றரை மாதத்தில் உதிர்ந்துவிட்டது. ஆண் முயலுக்கு ஐந்து மாதமாகியும் கொம்பு மாதிரி வளர்கிறது. அம்மா சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். முயலின் காது மெல்லிய தோல், வெந்து புண்ணாகிவிடும். நூல் கட்டுவதும் பிய்ப்பதும் கூடாது. அந்தக் கொம்பு மேலே நகம் போலக் காய்ந்து கறுத்திருந்தாலும், அடியில் ரத்தம் ஓடும் சதைதான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது முயலுக்கு மரு உண்டாக்கும் ஷோப் பாப்பிலோமா வைரஸ் போலத் தெரிகிறது. பயாப்ஸி, அதாவது சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது, செய்தால் உறுதியாகும். ரிச்சர்ட் ஷோப் 1933-ல் இதை விவரித்தார். உங்கள் பகுதியில் திரியும் காட்டன்டெயில் காட்டு முயல்தான் இதன் இயல்பான இருப்பிடம். கொசுவும் உண்ணியும் அங்கிருந்து வீட்டு முயலுக்குக் கொண்டுவருகின்றன. மனிதருக்கு ஒட்டாது, குழந்தைகள் பயப்பட வேண்டாம்.

இனி, ஒரே கூண்டில் ஏன் இரண்டு முடிவு? மரு உதிர வேண்டுமானால், வைரஸின் புரதத் துண்டுகளை உடலின் காவல் செல்களான டி செல்கள் அடையாளம் காண வேண்டும். அந்தத் துண்டுகளை ஏந்திக் காட்டுபவை எம்ஹெச்சி மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜெரார் ஓர்த் குழு 1992-ல் காட்டியது இதைத்தான்: இந்த மரபணுக்களின் டிஆர் பகுதியில் ஒரு வகை, மரு தானாக மறைவதோடு சேர்ந்து வந்தது, டிக்யூ பகுதியில் இன்னொரு வகை, மரு புற்றாவதோடு சேர்ந்து வந்தது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தாலும் இந்த மரபணுத் தொகுப்பு இரண்டு முயலுக்கும் முழுக்க ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். உங்கள் இரண்டும் வேறு வேறு சீட்டு எடுத்திருக்கலாம்.

வைரஸிலும் வித்தியாசம் உண்டு. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் உள்ள ஆய்வாளர்கள் ஒரே வைரஸின் இரு வகைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று உண்டாக்கிய மரு பெரும்பாலும் மறைந்தது, மற்றது நிலைத்தது. வைரஸின் இ6 என்ற புரதத்தின் வால்பகுதியில் உள்ள சில அமினோ அமிலங்களே முடிவை மாற்றின. உங்கள் முயல்களைக் கடித்த கொசு ஒரே வகையைத்தான் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கூண்டு, ஒரே கோடை என்பதால் முயலின் மரபணுவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

மரபணுச் சோதனைக்குச் செலவு செய்யாதீர்கள். முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது. ஆண் முயலுக்கு வேண்டியது அறுவை சிகிச்சை, அதுவும் விரைவில். பழைய ஆய்வொன்றில், ஆறு மாதத்துக்கு மேல் மரு நிலைத்த வீட்டு முயல்களில் சுமார் 75 சதவீதத்துக்குப் புற்று வந்தது. காட்டன்டெயிலில் சுமார் 25 சதவீதம்தான். ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்பதுதான் என் கவலை. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரிடம் போங்கள், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பகுதி கெட்டியாகித் தோலோடு ஒட்டினாலோ, புண் ஆறாவிட்டாலோ, தாடைக்கடியில் கழலை தட்டுப்பட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பெண் முயலைப் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டு முயலின் மருவில் தொற்றக்கூடிய வைரஸ் மிகக் குறைவு. அதோடு மரு உதிர்த்த முயலுக்கு எதிர்ப்புச் சக்தியும் இருக்கும். அதை வைத்துக் குட்டி எடுத்தால் எதிர்ப்பு வருமா என்றால், பாதித் தொகுப்பு தந்தையிடமிருந்து வருகிறதே! அதை நம்பாமல், கூண்டுக்கு நெருக்கமான கொசுவலை அடியுங்கள். வாரம் ஒருமுறை காதுமடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.