மொட்டைமாடி டிஷ்: குமரி மாவட்டக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நாகர்கோவில்: அண்ணாச்சி, டிடி ஃப்ரீ டிஷ் மட்டும் போதும். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

அது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் வருகிறது, கிழக்கு 93.5 டிகிரி. திசைமானியில் 116, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. ஏற்றக்கோணம், அதாவது தரைமட்டத்திலிருந்து வானத்தில் செயற்கைக்கோள் நிற்கும் உயரம், 69 டிகிரி. 60 செ.மீ. டிஷ் தாராளம். திசைமானியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், முள் ஏமாற்றும். கேபிளைத் தொடும் முன் ரிசீவர் பிளக்கைப் பிடுங்குங்கள். கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் இருக்கும். நடுக்கம்பி வெளிப்பின்னலில் உரசினால் ரிசீவர் போய்விடலாம்.

தக்கலை: 93.5-இல் ஃப்ரீ டிஷ், 83-இல் கட்டண இணைப்பு. இரண்டையும் ஒரே டிஷ்ஷில் எடுக்க ஆசை. யூடியூபில் பார்த்தபடி எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) மாட்டும் பட்டியைப் படுக்கையாக வைத்து இரண்டாவது எல்என்பி மாட்டினேன். 83 வரவே இல்லை.

வராது தம்பி. அந்த வீடியோ வடக்கே எடுத்ததாக இருக்கும். டெல்லியிலிருந்து பார்த்தால் 93.5-இன் உயரம் 52 டிகிரி, எல்என்பியின் ஸ்க்யூ, அதாவது அதை இருக்கும் இடத்திலேயே திருகி வைக்கும் கோணம், 27 டிகிரி அளவில்தான். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி தூரத்தில் இருக்கிறோம். செயற்கைக்கோள்களின் வரிசை கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே போகிறது. 93.5-க்கு இங்கே ஸ்க்யூ 63 டிகிரி. 83 அதற்குப் பக்கத்தில் இல்லை, வலப்புறம் மேலே, 78 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதனால் பட்டியையும் சாய்க்க வேண்டும், சுமார் 45 முதல் 50 டிகிரி.

டிஷ் கண்ணாடி மாதிரிதான், எல்லாம் தலைகீழாக விழும். டிஷ்ஷுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நின்றால் 83-க்கான எல்என்பி இடப்பக்கம் கீழே வர வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 12 டிகிரியை ஒட்டி வருவதால் 90 செ.மீ. டிஷ் வாங்கி, குவியத்தை இரண்டுக்கும் நடுவே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் நேராக வைத்தால் மற்றது மழைக்கு முதலில் போகும். ரிசீவர்கள் தனித்தனி என்பதால் உங்களுக்கு டைசெக் சுவிட்ச் (இரண்டு எல்என்பியை ஒரே ரிசீவருக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது) தேவையில்லை.

குழித்துறை: இந்தக் கோணல் கதையெல்லாம் வேண்டாம். 8 அடி டிஷ்ஷில் பட்டியைப் படுக்கையாகத்தான் வைத்திருக்கிறேன். இரண்டும் பிரமாதமாக வருகின்றன.

எந்த இரண்டு?

குழித்துறை: 76.5, 78.5.

சரி, அப்படியானால் நீங்கள் செய்தது சரிதான். நம் மாவட்டம் கிழக்குத் தீர்க்கரேகை 77 டிகிரியை ஒட்டி இருப்பதால் அவை நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கே உச்சியில் நிற்கின்றன. அந்த இடத்தில் வரிசை படுக்கையாக ஓடும், ஸ்க்யூ 10 டிகிரிக்குள்தான். கிழக்கே போகப் போகச் சரிவு ஏறும். உங்கள் அளவை எடுத்து 93.5-இல் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தக்கலை: ஸ்க்யூவை எந்தப் பக்கம் திருப்ப? ஆப்பில் கூட்டல், கழித்தல் குறி மட்டும் காட்டுகிறது.

டிஷ்ஷுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நின்று, 93.5-க்கும் 83-க்கும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நமக்கு மேற்கே உள்ள 68.5 போன்றவற்றுக்கு முள் திசையில். சிக்னல் அளவைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பார்த்துத் திருப்புங்கள்.

கொல்லங்கோடு: இரண்டு எல்என்பி, ஒரே ரிசீவர்?

அதற்குத்தான் டைசெக் சுவிட்ச். எந்த எல்என்பி எந்தத் துளையில் என்று எழுதி வைத்து, ரிசீவர் மெனுவிலும் அதையே கொடுங்கள். மாட்டும்போது பிளக் வெளியே.

கருங்கல்: ஃப்ரீ டிஷ்ஷுக்கு எந்தப் பக்கம்?

முதல் பதில். மாவட்டம் முழுக்க ஒரு டிகிரிகூட மாறாது.

மார்த்தாண்டம்: பக்கத்தில் 5ஜி டவர் வந்த பிறகு சி பேண்ட் (பெரிய டிஷ்ஷில் எடுக்கும் அலைவரிசை) டிஷ்ஷில் படம் உடைகிறது.

5ஜிக்குக் கொடுத்த அலைவரிசையில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பகுதி. நம் சேனல்கள் 3700-க்கு மேலே. ஆனால் பழைய எல்என்பி 3400-இலிருந்தே இழுக்கும், டவரின் பலத்தில் திணறிப்போகும். 3700–4200 மட்டும் விடும் ஃபில்டர் போடுங்கள். டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை.

ஆரல்வாய்மொழி: 8 அடி டிஷ் வைக்கலாமா?

காற்றாலை நிற்கும் கணவாய் அது. வலை டிஷ் வாங்கி, கான்கிரீட்டில் ஆழமாகப் பதித்த குழாயில் மட்டும் வையுங்கள். கைப்பிடிச் சுவரில் வேண்டவே வேண்டாம்.

முட்டம்: ஒரே வருடத்தில் துரு.

ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள், இணைப்பில் ரப்பர் டேப் சுற்றுங்கள். நம் ஊரில் பெரிய டிஷ் மேலே பார்த்தபடி நிற்பதால் மழைநீர் தேங்கும். தகட்டு டிஷ் என்றால் அடியில் ஒரு துளை போடுங்கள். ரிசீவரை அணைத்துவிட்டுத்தான் இதையெல்லாம்.

குளச்சல்: கட்டணச் சேனலை இலவசமாகத் திறக்கும் பெட்டி?

அது திருட்டு. என்னிடம் கேட்காதீர்கள்.

திங்கள்நகர்: தென்னை மறைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்ச் மூன்றாம் வாரமும் செப்டம்பர் கடைசி வாரமும் காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் 93.5-க்கு நேர் பின்னால் வரும். அந்த நாட்களில் சில நிமிடம் படம் போவதும் அதனால்தான், எதையும் திருகாதீர்கள். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் ஓலை நிழல் விழுந்தால் வழியில் மரம் நிற்கிறது என்று பொருள். மரத்தை வெட்ட வேண்டாம், டிஷ்ஷை நிழல் விழாத இடத்துக்கு நகர்த்துங்கள்.