கறிவேப்பிலைத் தடியை இப்ப எறியாதேங்கோ

தங்கச்சி, ஏப்ரல் முடியப்போகுது, கனடா ஸ்காபரோவில உங்கட அப்பார்ட்மென்ற் யன்னலடியில கறிவேப்பிலை ஒரு இலையும் இல்லாமல் தடியா நிக்குது, எறியிறதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். எறியாதேங்கோ.

நகத்தால தண்டைச் சுரண்டிப் பாருங்கோ, நுனியில தொடங்கிக் கீழ வரவேணும். தோலுக்குக் கீழ பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கு. மண்ணிறமாக் காய்ஞ்ச துண்டை, பச்சை வாற இடத்தில ஒரு கணுவுக்கு மேல வெட்டிவிடுங்கோ. அடிவரைக்கும் காய்ஞ்சிருந்தாலும் ஜூன் முடியுமட்டும் வைச்சிருங்கோ, கறிவேப்பிலை வேரிலயிருந்தும் குருத்து விடும்.

இந்த நேரம் அதைக் கொல்லுறது குளிரில்லை, எங்கட ஆக்கள் ஊத்துற தண்ணி. இலையில்லாத மரம் தண்ணி குடிக்கிறது கொஞ்சம்தான். பாவம் பாத்து ஒவ்வொரு நாளும் ஊத்தினால் வேர் அழுகும். அடித்தண்டு மெத்தெண்டு அமுங்கி மண் நாறினால் கதை முடிஞ்சுது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கோ. காய்ஞ்சிருந்தால் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு, தட்டில தேங்கினதைக் கொட்டிவிடுங்கோ. புளிச்ச மோர் ஊத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில அனுப்புவினம். ஊர் முற்றத்துக்கு அது சரி. வீட்டுக்குள்ள சாடிக்கு ஊத்தினால் நாத்தமும் கொசு மாதிரிச் சின்னப் பூச்சியும்தான் மிச்சம். பசளையும் இப்ப வேண்டாம். குருத்து ஒரு அங்குலம் வளர்ந்தாப்பிறகு, பெட்டியில போட்டிருக்கிற அளவில பாதி போடுங்கோ.

மேல வெயில் பட்டாலும் சாடி குளிர்ந்த தரையில இருந்தால் வேர் முழிக்காது. பலகையில தூக்கி, தெற்கு யன்னலில வையுங்கோ. ஹீட்டர் காத்து நேரா படவிடாதேங்கோ, அந்த வறட்சியிலதான் சிலந்திப்பேன் எண்ட, இலைச்சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி வரும். புது இலைக்குக் கீழ மெல்லிய வலை தெரிஞ்சால் கிழமைக்கு ஒருக்கா ஷவரில வைச்சுக் கழுவவேணும்.

மே கடைசிப் பக்கம் வாற விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்கு முதல் வெளியில வைக்கிற எண்ணமே வேண்டாம். ஏப்ரலில ஒரு நாள் 20 டிகிரி கண்டவுடன பல்கனியில வைச்சு, இரவு உறைபனியில கருகவிட்டிட்டு, "கனடாவில இது வளராது" எண்டு சொல்லுறவை எத்தனை பேர்! இரவிலயும் 10 டிகிரிக்கு மேல நிக்கவேணும். முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு கூட்டிக்கூட்டி பத்து நாளில வெயிலுக்குக் கொண்டுபோங்கோ. கண்ணாடிக்குப் பின்னால வந்த குருத்தில வெளிவெயில் நேரா விழுந்தால் வெள்ளையா வெந்துபோகும்.

சாடி மாத்துறதும் அதுக்குப் பிறகுதான், இரண்டு அங்குலம் பெரிசு காணும். அதைவிடப் பெரிய சாடியில ஈரம் தங்கி வேரைக் கெடுக்கும். முதல் குருத்தை ரசத்துக்கெண்டு கிள்ளிப்போடாதேங்கோ. அஞ்சாறு ஈர்க்கு வந்தாப்பிறகு, இலை இலையா உருவாமல் நுனியோட வெட்டுங்கோ, பக்கக் கிளை விடும்.