ஆட்டுக்கால் கிழங்கு சைவமா? மூட்டுவலிக்குக் கேட்குமா?

வேலூரில் வாங்கிய ஆட்டுக்கால் கிழங்கு சைவமா என்று கேட்டிருந்தீர்கள். சைவம்தான். முடவாட்டுக்கால் என்பதும் இதுவே. உண்மையில் கிழங்கும் இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி (fern) என்ற செடியின் தண்டு. மேலே உள்ள பழுப்பு ரோமத்தால் வந்த பெயர்.

பூக்காது, காய்க்காது, இலைக்கு அடியில் உண்டாகும் தூள் போன்ற வித்துகளால் (spores) பரவும். இலை இரண்டு வகை. நீளமான பச்சை இலை உணவு தயாரிக்கும். அடியில் சருகாக ஒட்டியிருக்கும் குட்டை இலையைக் காய்ந்தது என்று நினைப்போம்; உதிரும் குப்பையைப் பிடித்து மட்கவைத்து உரமாக்குவது அதுதான். மண்ணில்லாப் பாறையில் வேறென்ன செய்யும், பாவம்!

சரி, சமையல். ரோமத்தைச் சீவிவிட்டு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு சூப் வையுங்கள். மூட்டுவலிக்குக் கைமருந்துதான், டாக்டர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள்.