79 வயதில் ஹெச்பிஏ1சி 6.4: நல்ல செய்தியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. இருபது வருடங்களுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.4. ஆனால் ஒரே வருடத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டார், நடை தளர்ந்துவிட்டது. விடியற்காலையில் இரண்டு முறை விழுந்தும்விட்டார். சர்க்கரைதான் கட்டுப்பாட்டில் இருக்கிறதே, பிறகு ஏன் இப்படி?

பதில்: எனக்குக் கவலை தருவதே அந்த 6.4தான், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறதோ என்று.

தானாக எடை குறைவது, தீராத அசதி, மெதுவான நடை, கைப்பிடி பலவீனம், நடமாட்டம் குறைவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அதை முதுமை நலிவு என்கிறோம். அம்மாவிடம் இரண்டு தெளிவாகத் தெரிகின்றன. மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். உடல் இளைத்து, பசி குறைந்து, சிறுநீரகமும் மந்தமான பிறகு பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடுகிறது. இரவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். இளையவர்களுக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். முதியவர்களுக்குப் பல நேரம் குழப்பம், தூக்கக் கலக்கம், தடுமாற்றம் மட்டுமே தெரியும். வீட்டில் எல்லோரும் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்புகூடத் தெரியாமல் போகலாம்.

சில நாட்கள் அதிகாலை 3 மணிக்கும் காலை உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகு மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரிடம் பேசுவது நல்லது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், பல நோய்களும் தளர்ச்சியும் உள்ள முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்கிறது. கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, தாழ்சர்க்கரை அபாயம் குறைந்த வேறு மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். 8 வரை போகலாம் என்றால் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று பொருளில்லை. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வெளியேறத் தொடங்கும். அது நீடித்தால் நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, மேலும் தசை இழப்பு என்று வேறு வழியில் தளர்ச்சி கூடும்.

எடை இழப்புக்கு முழுப் பழியையும் சர்க்கரையின் மேல் போடவும் கூடாது. மெட்ஃபார்மின் பசியைக் குறைக்கலாம். பல், தைராய்டு, மனச்சோர்வு, புற்றுநோய் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி எண்ணையே அப்படியே நம்ப முடியாது.

சாப்பாட்டில் கெடுபிடி இனி வேண்டாம். சிறுநீரகம் இடம் கொடுத்தால், கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. 50 கிலோ இருப்பவருக்கு 50 முதல் 60 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. நடைப்பயிற்சி மட்டும் தசையை மீட்காது. பக்கத்தில் ஒருவர் நிற்க, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை முடிந்த அளவுக்குத் தினமும் செய்யச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு.