ஒரு பெப்டைட் எம்.டி.எம்.2 புரதத்தில் ஒட்டுகிறதா என்று கணினியில் எப்படி நம்பகமாகப் பார்ப்பது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். 12 அமினோ அமிலப் பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு) ஒன்றை, பி53 என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தை அடக்கும் எம்.டி.எம்.2-வில் டாக்கிங் (கணினியில் பொருத்திப் பார்த்தல்) செய்தேன், ஸ்கோர் நன்றாக வந்தது. இனி அணுக்களின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன் ஓட்டவேண்டும். ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் கார்டு) இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

அந்த ஸ்கோரை நம்பாதீர்கள். ஆட்டோடாக் வினா போன்ற டாக்கிங் மென்பொருள்கள் சிறு மருந்து மூலக்கூறுகளுக்காக எழுதப்பட்டவை. 12 அமினோ அமிலம் என்றால் சுழலும் பிணைப்புகள் 40-ஐத் தாண்டும். அத்தனை வடிவங்களையும் அவற்றால் தேடி முடிக்க முடியாது.

முதலில் விடை தெரிந்த கணக்கைப் போடுங்கள். புரதத் தரவு வங்கியில் 1ஒய்சிஆர் என்ற கட்டமைப்பு இருக்கிறது (1996). அதில் எம்.டி.எம்.2-வின் பள்ளத்தில் பி53-இன் சிறு துண்டு ஹெலிக்ஸாக (சுருள் வடிவில்) பதிந்திருக்கும். உள்ளே இறங்கிப் பிடிப்பவை மூன்று: ஃபினைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லியூசின் 26. இவற்றைத் தனித்தனியே அலனினாக மாற்றினால் பிணைப்பு கெடும் என்பது சோதனையில் தெரிந்த விஷயம். உங்கள் முறை இதைக் காட்டவில்லை என்றால், புதுப் பெப்டைடைப் பற்றி அது சொல்வதற்கும் மதிப்பில்லை. இந்த கன்ட்ரோல் (விடை தெரிந்த ஒப்பீடு) இல்லாத ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சிமுலேஷன் ஓட்டும் குரோமாக்ஸ் மென்பொருள் இலவசம். ஃபோர்ஸ் ஃபீல்டுக்கு (அணுக்களிடையே உள்ள விசைகளின் சூத்திரத் தொகுப்பு) ஆம்பர் 14எஸ்பி, தண்ணீருக்கு டிப்3பி போதும். பெப்டைடின் இரு முனைகளையும் அசிட்டைல், மெத்தில்அமைட் கொண்டு மூடுங்கள். மூடாவிட்டால் வெட்டிய இடத்தில் இல்லாத மின்னூட்டம் வந்து பக்கத்து லைசினையோ குளூட்டமேட்டையோ இழுக்கும். டோடெகாஹெட்ரான் பெட்டியில் ஓரம் 1.2 நானோமீட்டர், உப்பு 0.15 மோலார். மொத்தம் 25,000 அணுக்கள் அளவில் வரும். ஆற்றலைக் குறைத்தபின், அணுக்களைக் கட்டிவைத்தபடி என்.வி.டி. (பருமனும் வெப்பநிலையும் மாறாமல்) 100 பைக்கோவினாடி, என்.பி.டி. (அழுத்தமும் வெப்பநிலையும் மாறாமல்) 100 பைக்கோவினாடி. பிறகு கட்டை அவிழ்த்து, 2 ஃபெம்டோவினாடிப் படியில் 100 நானோவினாடி ஓட்டுங்கள்.

ஒரே ஓட்டம் போதாது. வெவ்வேறு தொடக்கத் திசைவேகங்களோடு குறைந்தது மூன்று ஓட்டங்கள் வேண்டும். ஒன்றில் பெப்டைட் அசையாமல் இருந்து இன்னொன்றில் பாதி கழன்றால், அந்த வித்தியாசமே உங்கள் பிழை அளவு.

ஆர்.எம்.எஸ்.டி. (தொடக்க நிலையிலிருந்து அணுக்கள் விலகிய சராசரி தூரம்) திடீரென்று பல நானோமீட்டர் எகிறினால் பெப்டைட் கழன்றுவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது பெட்டியின் ஒரு சுவரைத் தாண்டி மறுபக்கம் வந்திருக்கும். ட்ராஜெக்டரியில் (அசைவுப் பதிவில்) புரதத்தையும் பெப்டைடையும் ஒரே பக்கம் சேர்த்துவைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

எம்.எம்.ஜி.பி.எஸ்.ஏ. (ட்ராஜெக்டரியிலிருந்து பிணைப்பு ஆற்றலைத் தோராயமாகக் கணிக்கும் முறை) தரும் எண்ணைப் பிணைப்பு ஆற்றல் என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். 1 மைக்ரோமோலார் பிணைப்பு என்றாலே 298 கெல்வினில் மோலுக்குச் சுமார் −8.2 கிலோகலோரிதான்; உங்களுக்கு −50, −60 என்றெல்லாம் வரும். காரணம், என்ட்ரோபியை வழக்கமாக விட்டுவிடுகிறோம். அதைவிட முக்கியமான ஒன்று: தனியாக இருக்கும்போது பி53 துண்டு பெரும்பாலும் ஒழுங்கற்றுத்தான் கிடக்கிறது, பள்ளத்துக்குள் வந்தபிறகே ஹெலிக்ஸாகச் சுருள்கிறது. அந்தச் சுருளலுக்கான செலவு ஒற்றை ட்ராஜெக்டரிக் கணக்கில் சேராது. ஆகவே ஒரே நீளமுள்ள, ஒரே மாதிரிப் பெப்டைடுகளை வரிசைப்படுத்த மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் பெப்டைடுக்குத் தொடக்க நிலையை டாக்கிங்கிலிருந்து எடுக்காமல், 1ஒய்சிஆரில் உள்ள ஹெலிக்ஸின் மேலேயே பக்கச் சங்கிலிகளை மாற்றிக் கட்டிப் பாருங்கள். இது அதே பள்ளத்தில் ஹெலிக்ஸாக உட்காரும் வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும்.

கணினிக்கு கூகுள் கோலாப் இலவச ஜி.பி.யு. உண்டு, ஆனால் நேரவரம்பில் அறுந்துவிடும். செக்பாயின்ட் கோப்பை (ஓட்டத்தின் இடைநிலைப் பதிவு) கூகுள் டிரைவில் எழுதவைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டுக் கணினியிலும் இதேதான்: துலாம் (ஐப்பசி) மாதத்து மாலை இடியில் கரன்ட் போனால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் செக்பாயின்ட்தான் காப்பாற்றும். தண்ணீரை விட்டுப் புரதத்தையும் பெப்டைடையும் மட்டும் 10 பைக்கோவினாடிக்கு ஒருமுறை சேமித்தால், 100 நானோவினாடி ஓட்டம் 100 மெகாபைட்டுக்குள் அடங்கும். மொபைல் டேட்டாவிலேயே இறக்கிக்கொள்ளலாம்.